பலகை வைக்காத இடம்

என் பெயர் வஹீப் கிர்கிஸ் புத்ரோஸ். வயது 67. அலெக்சாந்திரியா, முஹர்ரம் பேக் பகுதியில் டிராம் பாதைக்குப் பின்னாலுள்ள கட்டடத்தின் நான்காம் மாடியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். தொழிற்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் தச்சுவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகன் கனடாவில் இருக்கிறான். யாரும் அழைக்காமல் நானாகவே இன்று, மார்ச் 11ஆம் தேதி காலை, காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

ஓவிய அருங்காட்சியகத்தில் புதுக் கண்காட்சி வரும்போது தற்காலிகச் சுவர் அடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். இம்முறை பிப்ரவரி 2 முதல் 20 வரை ஐந்து பேர் வேலை செய்தோம். படம் மாட்டும் பொறுப்பு ஷஹாத்தா அப்துல் மௌலாவுடையது. மதியம் தரையில் செய்தித்தாள் விரித்து ஃபூல் என்ற மொச்சை மசியலும் ரொட்டியும் சாப்பிடுவோம். ஷஹாத்தா வெங்காயத்தைக் கையால் குத்தி உடைத்து முதல் துண்டை எனக்குத் தருவார்.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உதாரணமாக, சட்டைக் காலரில் வெளியே தெரிவது துணி. அது விறைப்பாக நிற்பது உள்ளே வைத்துத் தைத்த கான்வாஸால். அதுபோல வெளியே தெரிவது ஜிப்சம் அட்டை. அதன் பின்னால் ப்ளைவுட் பலகை வைத்தால்தான் ஸ்க்ரூ பிடிக்கும். இன்னோர் உதாரணம் சொல்லத் தொடங்கியபோது அதிகாரி, "வாத்தியாரே, பாடம் போதும், விஷயத்துக்கு வாங்க" என்றார்.

எங்கள் சுவருக்கும் கட்டடச் சுவருக்கும் நடுவே மின்கம்பிகளுக்காக ஓர் ஆள் நுழையும் இடைவெளி விடுவோம். அதன் சிறு கதவுச் சாவி என்னிடம் இருந்தது. வடக்கு முனையில் வரைபடப்படி படம் கிடையாது, விளக்க எழுத்து மட்டும். அங்கே ஒரு பலகையை நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. பலகை இல்லாவிட்டால் அந்தப் பக்கம் பேசுவது நன்றாகக் கேட்கும். கண்காட்சி திறந்த பின் எங்களுக்கு அங்கே வேலை இல்லை. டிக்கெட் எடுத்துப் போய், உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்து, மனிதர்கள் பேசுவதைக் கேட்பதே என் நோக்கம். வேறு நோக்கம் இல்லை.

அதன் பின்னர் 20ஆம் தேதி மாலை, கண்காட்சிப் பொறுப்பாளர் நிஹால் அம்மையார் எழுத்தை இடம் மாற்றிவிட்டு வடக்கு முனையில் பெரிய துறைமுகப் படத்தை மாட்டச் சொன்னார். வண்ணம் பூசிய சுவரில் யாரும் சோதித்துத் துளை போடுவதில்லை. சுவர் அடித்தவரின் வாய்ச்சொல்லே கணக்கு. ஷஹாத்தா விரலால் தட்டிப் பார்த்து, "வாத்தியாரே, இங்க உள்ளே பலகை இருக்குல்ல? சத்தம் ஒரு மாதிரி கேக்குதே" என்றார். எல்லோரும் நின்றிருந்தார்கள். இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். "இருக்கு" என்றேன். "அப்ப சரி. வாத்தியாரே பாஸ் போட்டாச்சு, இனிமே எவன் ஃபெயில் பண்றது!" என்று சிரித்துக்கொண்டே மாட்டினார்.

அதன் பின்னர் நான்கு நாட்கள் போய் உள்ளே உட்கார்ந்தேன். ஒருமுறை ஒரு பெண் தன் அக்காவிடம், "வீட்டுக்குப் போய் மொலோகியாக் கீரை பண்ணணும். பூண்டு இருக்காக்கா?" என்று கேட்டார். என் வீட்டில் இருந்தது. இருக்கிறது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். என் தலைக்கு மேலே நான்கு ஸ்க்ரூ முனைகளும் அட்டையைத் துளைத்து வெறுமனே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பின்பக்கமிருந்து பலகை வைத்து முடுக்கியிருக்கலாம். பலகையோடு வந்தால் வாசலில் எதற்கு என்று கேட்பார்கள் என்று ஒவ்வொரு முறையும் தள்ளிப் போட்டேன்.

மார்ச் 8ஆம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு, நான் உள்ளே இருந்தபோது, அந்த முனைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நான்கு துளைகளில் வெளிச்சம் வந்தது. படம் விழுந்து கிழிந்தது. அதன் பின்னர் போலீஸ் வந்து ஷஹாத்தாவை வரவழைத்தார்கள். காவலாளி, "என்னய்யா, படம் மாட்டினியா, துணி காயப்போட்டியா?" என்று கத்தினார். ஷஹாத்தா, "வாத்தியார் சுவர்ல தப்பு இருக்காது. என் ஸ்க்ரூதான் சரியில்ல. அப்படியே எழுதிக்கோங்க" என்றார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓர் அட்டைதான் இருந்தது. நான் குரல் கொடுக்கவில்லை. அவரை அழைத்துப்போன பிறகும் மாலை நான்கு மணி வரை உள்ளேயே இருந்தேன். அதன் பின்னர் இரண்டு நாட்கள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

சுவரைப் பிரித்தால் நான் சொன்ன இடத்தில் பலகை இல்லாததும் முக்காலி இருப்பதும் தெரியும். ஷஹாத்தாவின் ஸ்க்ரூ சரியான அளவுதான். அவரை விட்டுவிட வேண்டும்.

என்னைக் காவலில் வைப்பது பற்றித் தகவல் சொல்ல உறவினர் அல்லது நண்பர் ஒருவர் பெயர் கேட்கப்பட்டது. ஷஹாத்தாவின் பெயரைச் சொன்னேன். "அவரே உள்ளதானே இருக்கார்" என்றார் அதிகாரி. "இப்ப வெளிய வந்துடுவார்ல" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. எவருடைய வற்புறுத்தலும் இல்லை. இதில் உள்ளது முழுக்க உண்மை.

(ஒப்பம்) வஹீப் கிர்கிஸ் புத்ரோஸ்