நாளை மட்டும் சுகம் என்று சொல்லாதீர்கள்!

டிராக்டர் டிரெய்லரை மேடையாகத் தந்து, அதன்மேல் நாற்காலி போட்டு அமர்ந்து, அது ஆடும்போதெல்லாம் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர், நம் ஊர்த்தலைவர் தவ்லத்மந்த் அவர்களே! மல்பெரி மர நிழலை முன்கூட்டியே வந்து பிடித்துக்கொண்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தும் அணைக்காமலும் ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! நான் எங்கே தடுமாறுவேன் என்று பின்வரிசையில் காத்து நிற்கும் இளைஞர்களே! மலையடியில் மனை கட்டி, மழை வந்தால் மனம் நடுங்கும் என் சங்கோப் ஊர்ச் சொந்தங்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த ஹோசியத்தின் சலாம்.

என் குரல் நடுங்குகிறதே என்று பார்க்கிறீர்களா? இது மேடைப் பயம் அல்ல. அஞ்சலகத்தில் உட்கார்ந்து இந்த ஊர் முழுவதோடும் சண்டை போட்டவள் நான், மேடைக்கா அஞ்சுவேன்? நான் அஞ்சுவது மேலே இருக்கும் ஏரிக்கு! பனிமலையின் மடியில் கிடக்கும் அந்த ஏரி, இந்தக் கோடையில் கரையை முட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்று ஆடுகளோடு இறங்கி வந்தவர்களைக் கேளுங்கள். நம் ஓடையைப் பாருங்கள். தெளிந்து ஓடிய தண்ணீர் இன்று கலங்கி ஓடுகிறது. போன கோடையில் சேற்றுவெள்ளம் வருவதற்கு முன்னாலும் இப்படித்தான் கலங்கியது. அதற்குள்ளாகவா மறந்துவிட்டோம்?

அரசிடம் என்ன கேட்டோம் நாம்? அரண்மனையா கேட்டோம்? ஏரிக்கரையில் ஒரு காவல்குடில் கேட்டோம். ஊருக்குள் ஓர் அபாயச் சங்கு கேட்டோம். ஓடை திரும்பும் இடத்தில் ஒரு கல்சுவர் கேட்டோம். பேரிடர் முன்னேற்பாட்டு மானியம் என்று அதற்குப் பெயர். விண்ணப்பம் எழுதியவள் நான். கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். இன்றைக்கு நமக்கு இருக்கும் அபாயச் சங்கு எது தெரியுமா? நம் மேய்ப்பன் செய்தாலியின் தொண்டை! மேட்டிலிருந்து அவன் கத்தினால் நாம் ஓட வேண்டும். அவனுக்குச் சளி பிடித்தால் நாம் என்ன ஆவோம்?

என்ன செய்தாலி, எதற்குக் கை தூக்குகிறாய்? சொல்.

“அக்கா, போன தடவயும் கத்துனேன்ல? பாதிப் பேரு, இவன் கழுதயத் தேடுறான்னு சும்மா இருந்துட்டாங்க!”

கேட்டீர்களா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வசந்தத்தில் மானியக் குழு வந்தது. எதற்காக வந்தது? நம் ஆபத்தைக் காண வந்தது. நாம் காட்டியது எதை? நம் அழகை! சேற்றை வாரினோம், தெருவைக் கூட்டினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். உடைந்த பாலம் கண்ணில் படக்கூடாது என்று அதன்மேல் பலகை போட்டுக் கம்பளம் விரித்தோம். உடைந்த பாலத்துக்குக் கம்பளம்! உலகத்தில் வேறு எந்த ஊராவது இதைச் செய்யுமா? ஆட்டை அறுத்தோம், ரொட்டியை அடுக்கினோம், அதிகாரியை விருந்தாளிக்கான தலைமாட்டு மெத்தையில் அமர வைத்தோம். அந்த மனிதர் பேனாவை எடுத்தார். “போன வெள்ளத்துல ரொம்பச் சேதமாங்க?” என்று கேட்டார். நம் தலைவர் என்ன சொன்னார்?

“சேச்சே! ஆண்டவன் புண்ணியத்துல எல்லாரும் சுகம். மொதல்ல நீங்க இன்னொரு கை புலாவ் எடுத்துக்குங்க!”

தலைவரே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். ஊரே அதற்குத் தலையாட்டியது.

அப்புறம் பதில் வந்தது. குறிப்பிடத்தக்க ஆபத்து ஏதும் தென்படவில்லையாம். அதிகாரி பொய் எழுதினாரா? இல்லை! கண்டதை எழுதினார். பொய் சொன்னது நம் சுண்ணாம்பு! பொய் சொன்னது நம் கம்பளம்! பொய் சொன்னது நம் புலாவ்! மாவட்ட அலுவலகத்தின் படிகளை நான் ஏறி இறங்கி, கெஞ்சி, கோபப்பட்டு, கடைசியில் அழுதும் காட்டியதால், இன்னொரு முறை வரச் சம்மதித்திருக்கிறார்கள். நாளைக் காலையில் வருகிறார்கள். மூன்றாம் முறை வரமாட்டார்கள்.

நிழலில் இருக்கும் பெரியவர் ஏதோ முணுமுணுக்கிறார். உரக்கச் சொல்லுங்கள் ஐயா.

“வீட்டுக்கு வந்தவன்கிட்ட மூக்கச் சிந்தச் சொல்றியாம்மா? நம்ம கஷ்டத்தயா பரிமாறுவாங்க?”

பரிமாற வேண்டாம் ஐயா. விருந்தாளி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கும் குணம் நம் குணம். அந்தக் குணத்தால்தான் இந்த ஊர் ஊராக இருக்கிறது. ஆனால் வைத்தியர் வந்தால் வயிற்றுவலியை மறைப்போமா? நாளை வருகிறவர் விருந்தாளி அல்லர். தேநீர் கொடுங்கள், ரொட்டி கொடுங்கள். அந்த ஆட்டை மட்டும் விட்டுவிடுங்கள்! வாய் நிறையச் சோற்றை அடைத்துவிட்டால் மனிதர் எப்படிக் கேள்வி கேட்பார்?

அடுத்தது யார்? நீங்களா அக்கா?

“ஆபத்தான ஊருன்னு எழுதிட்டுப் போயிட்டா, நம்ம பையனுங்களுக்கு எவ பொண்ணு குடுப்பா?”

நியாயமான கவலை. எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் அக்கா, பெண் கேட்டுப் போக முதலில் பையன் உயிரோடு இருக்க வேண்டாமா?

இனி நான் சொல்லப்போவது எனக்கே கசக்கிறது. ஓடைக்கரையில் கடைசி வீடு சனவ்பருடையது. அவள் வீட்டு நடுச்சுவரில் ஒரு பூவேலைத் துணி தொங்குகிறதே, சிவப்பு மாதுளைகளும் பச்சை இலைகளுமாக, அந்த அதிகாரிகூட அதன் முன்னால் நின்று ரசித்தாரே, அது யாருடைய சீர்வரிசையும் அல்ல. வெள்ளம் போன பிறகு, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் தைத்தது. எதற்காகத் தைத்தாள்? அதன் பின்னால் சேற்றின் கோடு இருக்கிறது. எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் அந்தக் கோடு மேலே வந்துவிடுகிறது. அந்தச் சுவரோரம்தான் அவள் பேரனின் தொட்டில் கிடந்தது. கோடு, தொட்டிலுக்கு மேலே போகிறது.

வெள்ளம் வந்த அன்று காலை அவள் மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். சனவ்பர் உருளைக்கிழங்கு வயலில் இருந்தாள். தற்செயல்! வெறும் தற்செயல்! அந்தத் தற்செயலைத் தவிர அன்று அந்தக் குழந்தைக்கு வேறு காவல் இருந்ததா? தொட்டில் போயிற்று, குழந்தை இருக்கிறான். இந்த முறையும் தற்செயலை நம்பியா தூங்கப் போகிறோம்? தற்செயல் நமக்கு என்ன, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் காவல்காரனா?

நேற்று நான் சனவ்பரிடம் போய், துணியை எடுத்துவிடு என்றேன். கதவைச் சாத்திவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. சனவ்பர், இத்தனை பேர் முன்னால் உன் வேதனையைப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள். அந்தச் சேற்றுக்கோட்டைவிடப் பெரிய விண்ணப்பத்தை எழுத எனக்குத் தெரியாது. ஒருநாள், ஒரே ஒருநாள்...

எழுந்திருக்கிறாள். பேசவிடுங்கள் அவளை. கையில் என்ன மூட்டை?

“துணிதான் ஹோசியத். விடியும்போதே எடுத்துட்டேன். எடுத்தப்புறம் அந்த வீட்டுல இருக்க முடியல, அதான் மொத ஆளா இங்க வந்து உக்காந்திருக்கேன். நாளைக்கு அந்தாளு கேட்டா எனக்கு வாய் வராது. சுவரு பக்கத்துல என்கூட யாராச்சும் நிக்கணும்.”

சொந்தங்களே, யார் நிற்கிறீர்கள்? தலைவர் எழுகிறார். பார்த்து, பார்த்து, டிரெய்லர் சாய்கிறது!

“நான் நிக்கிறேம்மா. சுகம்னு சொன்ன வாய் இதுதான். இதே வாயால நாளைக்குச் சொல்றேன்.”

போதும். இதற்குமேல் நான் அலங்காரமாகப் பேச ஒன்றுமில்லை. நாளை தெருவைக் கூட்டாதீர்கள். பாலத்தில் கம்பளம் விரிக்காதீர்கள். வெடித்த சுவர் வெடித்தபடி இருக்கட்டும். சுகமா என்று அவர் கேட்பார். நாக்கு நுனிவரை வரும் அந்தச் சொல்லை விழுங்கிவிடுங்கள். பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள்! ஆண்களும் சொல்லுங்கள்! மானியம் கிடைக்குமா, எனக்குத் தெரியாது. கிடைத்தாலும் சங்கு வந்து சேரும்வரை ஏரி பொறுத்திருக்குமா, அதுவும் தெரியாது. கேட்காமல் இருந்துவிட்டோமே என்று மட்டும் நாம் அழக்கூடாது.

வெயிலில் நின்று கேட்டவர்களுக்கும், குறுக்கே பேசியவர்களுக்கும், டிராக்டர் தந்தவருக்கும் நன்றி. சனவ்பருக்கு நன்றி சொல்ல என்னிடம் சொல் இல்லை. எல்லோருக்கும் சலாம்.

ஒன்று மறந்துவிட்டேன், கலையாதீர்கள். ஓடைக்கரை வீட்டுக்காரர்கள் யாரும் இன்றிரவு கீழே தங்கள் வீட்டில் படுக்க வேண்டாம். என் வீடு மேட்டில் இருக்கிறது. போர்வை மட்டும் கொண்டுவாருங்கள், குழந்தைகளை முதலில் அனுப்புங்கள்.