எட்டாத பிரேக்

எங்கள் வீட்டில் உயரம் மொத்தமும் எனக்கே வந்துவிட்டது டாக்டரம்மா. தம்பிக்கு மிச்சம் மீதிதான். எங்கள் பேக்கரியில் எல்லோரும் அவனைக் 'குட்டை' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குத் தலையணை வைத்தால்தான் வேனில் அவனுக்குப் பிரேக் எட்டும்.

அவன் ஏன் மறுபடி குடித்தான் என்று கேட்கிறீர்கள். பேசுவது இந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னீர்கள். சந்தோஷம்.

உங்கள் குடி மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பிய எட்டு மாதமும் ஆள் தங்கம். 'அப்பா வாய் நாறுது' என்று ஓடிய மகள், அவன் மடியில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கோபித்துக்கொண்டு போன மனைவி பெட்டியோடு திரும்பி வந்தாள். என்னிடமும் மாவுக் கையோடு வந்து மன்னிப்புக் கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்க நீங்கள் எழுதச் சொன்ன பட்டியலில் இன்னும் ஒருவர் பாக்கி. ஆறு வருடத்துக்கு முன் எங்கள் வேன் மோதிச் செத்த சைக்கிள்காரரின் மனைவி. அந்த விபத்துக்காகத் தம்பி இரண்டு வருடம் சிறையில் இருந்தவன்.

"ஞாயித்துக்கிழமை அந்தம்மா கால்ல போய் விழணும்ணா," என்றான், மாவு பிசைந்தபடியே. "ஒண்ணுதான் புரியல. அன்னிக்கு தலகாணி என் தலைக்கடியில இருந்த மாதிரி ஞாபகம். சாஞ்சு தூங்கிட்டிருந்தேன். அப்புறம் எப்படிண்ணா எனக்கு பிரேக் எட்டிச்சு?"

"குடிச்சவனுக்கு என்னடா ஞாபகம்?"

"இப்ப குடிக்கலியேண்ணா," என்று சிரித்தான். என்மேல் துளி சந்தேகம் இல்லாத சிரிப்பு.

சனிக்கிழமை புது கேக் போட்டேன். பழம் ஊறிய ரம்மை, சூடு ஆறியதும் மேலே தாராளமாக ஊற்றினேன். ருசி பார்ப்பது எப்போதும் அவன் வேலை. முதல் வாயிலேயே மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அண்ணா, இதுல..."

"ஒரு துண்டுதானடா. அண்ணன் கையால குடுத்தா சாப்பிடமாட்டியா?"

சாப்பிட்டான். என் பேச்சை அவன் தட்டியதே இல்லை. இரண்டாவது துண்டை அவனே எடுத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை வாசலில் கிடந்தான். மகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

ஆமாம், அன்று வண்டி ஓட்டியது நான்தான். பக்கத்தில் தூங்கியவனை டிரைவர் சீட்டுக்கு இழுத்து உட்காரவைத்து, தலையணையை முதுகில் செருகியதும் நான்தான். எனக்கு மூன்று பிள்ளைகள். அவனுக்கு அப்போது ஒரே ஒரு கைக்குழந்தை. யோசித்தால் உங்களுக்கே நியாயம் புரியும்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று சும்மாவா சொன்னார்கள். நேற்றும் நான்தான் அவனைத் தோளில் தூக்கி வந்து படுக்கவைத்தேன். அதே தலையணையைத் தலைக்குக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்ணா," என்றான்.

அதை எழுதிக்கொள்ளுங்கள் டாக்டரம்மா. உங்கள் படிவத்தில் 'குடும்ப உறவு மேம்பட்டதா' என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்கு நேரே.