சர்க்கரை போடாத பால்

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் சிங்கவரம் பஸ் கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் சீட்டில் ஒரு அண்ணனும் தங்கையும். தங்கையின் மடியில் ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை.

“சட்டம் மட்டும் இருந்திருந்தா, டாக்டர் கையால ஊசி போட்டு போன வாரமே நைனாவ அனுப்பி வச்சிருப்பேன்” என்றாள்.

“மெதுவா பேசு. பஸ்ஸே கேக்குது.”

“கேக்கட்டும். எலும்பெல்லாம் கேன்சர் பரவி, ‘கொன்னுடு தாயி’ன்னு கத்துனாரே, உனுக்கு கேக்கலியா?”

“கேட்டுது. அதுக்குன்னு சட்டம் போட்டா, நெலத்துக்காக அப்பனுக்கு ஊசி போடச் சொல்றவன் வரமாட்டானா?”

“அவனுக்குப் பயந்து நைனா கத்திக்கினே கெடக்கணுமா?”

அண்ணன் பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தார். “நல்லவேள, ஆஸ்பத்திரிலேந்து அந்த நர்சம்மா வீட்டுக்கே வந்து வலிக்கு மருந்து குடுத்தாங்க” என்றார்.

“அதுல அவரு அசந்து தூங்குனாரு. முடிஞ்சிபோச்சின்னு ஊரக் கூட்டி, வாயில கடைசிப் பால் ஊத்துனது யாரு?”

“நான்தான்.”

“சாகடிக்கக் கூடாதுன்னு சட்டம் பேசுற ஆளு! கண்ணத் தொறந்து இன்னா கேட்டாரு?”

“சக்கர போடலியாடான்னு.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ் நகர்ந்தது. அவள் பையைத் தடவியபடி, “மறுபடியும் வலி வந்து, கொன்னுடுன்னு கேட்டா?” என்றாள்.

“அப்ப வந்து சண்ட போடு, கேக்கறேன். இன்னிக்கு மல்லாட்ட கேட்டிருக்காரு. உப்பு பாத்து போட்டு அவி, அதுக்கும் திட்டப் போறாரு.”