செலவில்லாத ஊர்

— சிரியாதேங்கோ நாகராஜன் அண்ணை. பொம்பிளை பாக்க ஏதென்ஸுக்குப் போறதில என்ன பகிடி?

— இல்ல தம்பி சிறி, மெல்பேர்ன்லருந்து மாப்பிள்ளை, லண்டன்லருந்து பொண்ணு, நடுவுல கிரேக்க தேசம். அதாவது, எங்க மாயவரத்துல எதிர் வீட்டுப் பொண்ணைப் பாக்கவே ராகுகாலம் பாத்துதான் தெருவைத் தாண்டுவாங்க. விமலா, காபி இருக்கட்டும், நீயும் வந்து உக்காரு.

— வர்றேங்க. சிறி, லண்டனுக்கே போயிருக்கலாமே? பொண்ணு யோகாவோட அண்ணன் வீடுதான் அங்க இருக்கே.

— அதுதான் அக்கா கரைச்சல். அங்க போனா அவையின்ர வீட்டிலதான் தங்கோணும். தமையன்ர மனுசி மூண்டு நேரமும் சமைச்சுப் போடுவா. சாப்பிட்டிட்டு, பிடிக்கேல்லை எண்டு நான் சொல்லுறதோ? யோகாவும் விருந்தாளியா வந்த ஆளுக்கு வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? ஊரில என்ர தங்கச்சி நாகேஸ்வரியைப் பாக்க எத்தினை பேர் வந்தவை. வடையைத் திண்டிட்டு, பிறகு சொல்லி அனுப்புறம் எண்டு போனவைதான். அவள் ஒவ்வொரு முறையும் சீலை மாத்திக்கொண்டு குசினிக்குள்ள நிண்டது எனக்கு மறக்கேலாது.

— அப்ப கொழும்பு?

— கொழும்பிலயோ! சொந்தக்காரர் முழுப்பேரும் எயர்ப்போட்டுக்கே வந்திடுவினம். ஏதென்ஸில எங்களை ஆருக்கும் தெரியாது. லண்டனிலயிருந்து அங்க போகவும் மலிவு. என்ர கந்தோரில வேலை செய்யிற கிரேக்க ஆள் கொஸ்டா, அங்க தன்ர மச்சானின்ர ஹோட்டலில ரெண்டு அறை பேசித் தந்திட்டான். ஒண்டு எனக்கு, ஒண்டு யோகாவுக்கும் துணைக்கு வாற பவளம் அன்ரிக்கும்.

— அத்தையும் உங்ககூடவே ஊர் சுத்துவாங்களா?

— அன்ரிக்கு முழங்கால் வருத்தம். அவ ஹோட்டலிலதான் இருப்பா. நாங்கள் ரெண்டு பேரும் மூண்டு நாள் ஊர் பாத்து, கதைச்சு, கடைசி நாள் பிடிச்சுதோ இல்லையோ எண்டு சொல்லுறது. அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான். காசில்லாமல் அந்த ஊர் முழுக்கப் பாத்தனாங்கள் எண்டு அண்ணை எப்பவும் சொல்லுவாரே.

— பாத்தோமே! அதாவது, எழுபத்திரண்டுல நான் லண்டன்ல பரீட்சையை முடிச்சுட்டு ரயில்ல வர்றேன், இவ பம்பாய்லருந்து பிளேன்ல வர்றா. ரெண்டு பேரும் ஏதென்ஸ்ல சேந்து, பிரேயஸ் துறைமுகத்துல மெல்பேர்னுக்குக் கப்பல் ஏறணும். போனா கப்பலைக் காணோம். நாலு நாள் ஆகும்னு சொல்லி, கப்பல் கம்பெனிக்காரன் தங்க ஒரு ரூம் மட்டும் குடுத்தான். அப்போ நம்ம கவர்மென்ட்டு வெளியூர் போறவங்க கையில எட்டு டாலர்தான் குடுக்கும். இவகிட்ட அது இருந்துச்சு. என்கிட்ட ஏதோ சில்லறை.

— எட்டு டாலரோடயோ நாலு நாள்?

— காசு எதுக்கு தம்பி? பழைய கோயில் இருக்கற அக்ரோபொலிஸ் மலைக்கு ஞாயித்துக்கிழமை டிக்கெட் காசு கிடையாது. காலைல வெயிலுக்கு முந்தி ஏறிடணும். பார்லிமென்ட்டு வாசல்ல சிப்பாய்ங்க காவல் மாத்துவாங்க, குட்டைப் பாவாடையும் பூப்பந்து வெச்ச செருப்புமா. பைசா செலவில்லை. அதுக்குப் பக்கத்துலயே பெரிய தோட்டம், நிழல், பெஞ்ச், தண்ணிக் குழாய். சாயந்தரம் லிக்கபெட்டஸ் குன்று. இழுவை ரயில் இருக்கு, அதுல ஏறாதீங்க, நடந்தே போங்க. உச்சியில நின்னா ஊர் மொத்தமும் தெரியும், கடல் வரைக்கும். பசிச்சா தெருவுல எள்ளு ஒட்டின வளைய ரொட்டி விப்பான்.

— ஆலிவை விட்டுட்டீங்களே.

— அதை எதுக்கு இப்ப...

— சிறி, இவர் சந்தையில கறுப்பா பளபளன்னு குவிச்சு வெச்சிருந்ததைப் பாத்து நாவப்பழம்னு நெனச்சு ஒரு பொட்டலம் வாங்கினார். வாயில போட்டுட்டு மூஞ்சி போன போக்கைப் பாக்கணும். உப்பும் கசப்பும். ஆனா காசு குடுத்ததாச்சேன்னு துப்பவும் இல்ல.

— துப்பாம முழுங்கினது வீரம்! செருப்புக் கதையை நான் சொல்றேன் தம்பி. அக்ரோபொலிஸ் வாசல்ல போறோம். கோயில்தானே? இவ செருப்பைக் கழட்டிட்டா. நானும் ஷூவைக் கழட்டினேன். ஓரமா ஜோடியா வெச்சுட்டு மேல போயாச்சு. சலவைக்கல்லு சுட்டுச்சு பாருங்க, சாமியே இல்லாத கோயில்ல தீ மிதிச்ச மாதிரி. எறங்கி வந்து பாத்தா எங்க செருப்புக்குப் பக்கத்துல வரிசையா ஏழெட்டு ஜோடி! அமெரிக்காக்காரன், ஜெர்மன்காரன் எல்லாம் இதுதான் இங்கத்த சட்டம் போலன்னு கழட்டிட்டுப் போயிருக்கான். காவக்காரன் தலையில கையை வெச்சுகிட்டு நிக்கிறான்.

— அய்யோ அண்ணை, நான் யோகாவைக் கூட்டிக்கொண்டு போய் இதையே செய்யப் பாத்தனான்!

— செய்யுங்க, நல்ல சகுனம். எங்களுக்கு ஒண்ணும் குறைஞ்சு போகலை. சரி, டிக்கெட்டெல்லாம் எடுத்தாச்சா?

— ஓம். அதில நான் ஒரு கெட்டித்தனம் செய்தனான். எனக்குப் போய்வர ரெண்டு வழியும். பவளம் அன்ரிக்கும் ரெண்டு வழியும். யோகாவுக்கு லண்டனிலயிருந்து ஏதென்ஸுக்கு ஒரு வழி, பிறகு அங்கயிருந்து என்னோட மெல்பேர்னுக்கு ஒரு வழி. விசாவும் கேட்டுச் சரிப்பண்ணியாச்சு. லண்டனுக்குத் திரும்பிற டிக்கெட்டுக்கு வீண் காசு குடுக்கிற தேவையில்லை. எப்பிடி?

— ம்.

— என்ன அண்ணை, பிழையோ?

— பிழைன்னு இல்ல. விமலா, பால் தீந்துடுச்சில்ல?

— இருக்கேங்க, அரை பாட்டில்.

— பத்தாது. சனிக்கிழமை, ஒரு மணிக்கு இங்க ஸ்பிரிங்வேல் முழுக்கக் கடையைச் சாத்திடுவான். நான் போயிட்டு வந்துடறேன். பேசிட்டிருங்க தம்பி, சாப்பிடாமப் போயிடாதீங்க.

— அக்கா, அண்ணை ஏன் திடீரெண்டு எழும்பிப் போறார்? நான் ஏதும் கூடாமல் கதைச்சனானோ?

— தெரியல. சிறி, ஒண்ணு கேக்கறேன். அத்தைக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு. யோகாவுக்கு உங்களைப் பிடிக்கலைன்னா அவங்க எப்படித் திரும்பிப் போவாங்க?

— தமையன் வரதராஜா சொன்னவர், அப்பிடி ஒண்டும் நடவாது எண்டு. சாதகம் பொருந்தியிருக்கு. ரெண்டு பக்கத்தாலயும் கதைச்சு முடிச்சிட்டினம்.

— அவர் சொன்னார். யோகா என்ன சொன்னாங்க?

— முதல் ஆளைப் பாக்கோணும், பிறகு சொல்லுறன் எண்டவ.

— அவங்க கையில காசு இருக்கா?

— எங்கால? அவ தமையன்ர பிள்ளையளைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறா. வேலைக்கு விடேல்லை.

— அப்ப மூணாம் நாள் அவங்க வேணாம்னு சொல்றதுக்கு வழியே இல்ல.

— நான் என்ன அவவைக் கட்டி இழுத்துக்கொண்டே வரப்போறன், அக்கா? என்னை அப்பிடியோ நினைக்கிறியள்?

— கோவப்படாதீங்க. இவரும் என்னைக் கட்டி இழுத்துட்டு வரல. நான் என் கால்லதான் கப்பல்ல ஏறினேன். எங்க நாலு நாளை இவர் சொல்லிக் கேட்டீங்க. எல்லாம் நெசம். நாவப்பழம் நெசம், செருப்பு நெசம். நான் சொல்லாதது ஒண்ணு இருக்கு.

— என்ன?

— கல்யாணம் ஆகி எட்டு நாள்தான் சேந்திருந்தோம். அப்புறம் ஒரு வருஷம் இவர் லண்டன்ல. ஏதென்ஸ் ஏர்போர்ட்ல இவரை எனக்கு அடையாளமே தெரியல, சிறி. தாடி வெச்சிருந்தார். அவரைத் தாண்டி நடந்து போயிட்டேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்போ யாரோ கூப்பிடற மாதிரி இருந்துச்சு. எனக்கு இருபது வயசு. காலேஜ்ல பாதிலேருந்து நிறுத்தி அனுப்பி வெச்சிருந்தாங்க. வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான். அழுகை அழுகையா வந்துச்சு.

— அண்ணை நல்ல மனுசனெல்லே.

— நல்லவர்தான். யாருன்னே தெரியாத நல்லவர். முன்னாடி விறுவிறுன்னு நடப்பார், நான் பின்னாடி ஓடுவேன். அக்ரோபொலிஸ் மேல ஒவ்வொரு தூணா நின்னு இவர் கதை சொன்னார். எனக்கு ஒண்ணும் காதுல விழல. அங்கருந்து கடல் தெரியும், கப்பலெல்லாம் சின்னச் சின்னதா நிக்கும். அதுல எது பம்பாய்க்குப் போகும்னு பாத்துட்டு நின்னேன்.

— அவருக்குத் தெரியுமோ?

— கேக்கல. ராத்திரி குளியலறையில தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுவேன். வெளிய வந்தா தூங்கற மாதிரி படுத்திருப்பார். நாலாம் நாள் கப்பல் வந்துச்சு. படிக்கட்டுக்கிட்ட என் பக்கம் திரும்பிப் பாத்தார். நான் எதுவும் சொல்லாம ஏறிட்டேன். சந்தோசமா ஏறினேன்னு நெனச்சிருப்பார், இல்ல தலைவிதியேன்னு ஏறினேன்னு நெனச்சிருப்பார். எட்டு டாலரை வெச்சுகிட்டு வேற எங்க போக முடியும்? எல்லாமே இலவசமாப் பாக்கற ஊர்தான் அது. வேணாம்னு சொல்றதுக்கு மட்டும் அங்க ரொம்பச் செலவாகும்.

— அக்கா... நான் இதை இப்பிடி யோசிக்கேல்லை. சத்தியமா. காசை மிச்சம் பிடிச்சனான் எண்டுதான் சந்தோசப்பட்டனான்.

— தெரியும். அதனாலதான் சொல்றேன்.

— உண்மையைச் சொல்லட்டோ? மிச்சம் பிடிச்சது மட்டுமில்லை. பயமும்தான். ஏற்கெனவே ரெண்டு இடத்தில என்ர படத்தைப் பாத்திட்டே வேண்டாம் எண்டவை. கறுப்பாம், ஆள் கட்டையாம். எனக்கு முப்பத்திநாலு நடக்குது. இந்த ஊரில பின்னேரம் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தா ஒரு சத்தமும் இராது, அக்கா. யோகா என்ர படத்தைப் பாத்த பிறகும் நேரில பாக்கிறன் எண்டவ. அந்த ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டுதான் இவ்வளவு நாளும் இருக்கிறன். இப்ப நானே திரும்பிற டிக்கெட்டை அவவின்ர கையில குடுக்கிறதோ? குடுத்து, போயிட்டா?

— போகலாம்.

— இப்பிடிப் பட்டெண்டு சொல்லுறியளே.

— வேற என்ன சொல்றது? போனா உங்களுக்கு வலிக்கும். ரொம்ப வலிக்கும். ஆனா போகாம உங்ககூட வந்தாங்கன்னா, விரும்பித்தான் வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அவங்களுக்கும் தெரியும். இந்த வீட்டுல அஞ்சு வருஷமா சண்டை சச்சரவு ஒண்ணும் கிடையாது. என்னை நைட் ஸ்கூல்ல சேத்துப் படிக்க வெச்சார், இன்னைக்கு நான் பாங்க்ல வேலை பாக்கறேன். ஆனா நான் கொஞ்ச நேரம் பேசாம ஜன்னல் பக்கம் நின்னாக்கூட இவர் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு என்னையே பாப்பார். ஒண்ணும் கேக்க மாட்டார். அந்தப் பார்வை எங்க ஆரம்பிச்சதுன்னு எனக்குத் தெரியும்.

— ம்... திங்கக்கிழமை ட்ரவல் ஏஜென்ட்டிட்டப் போறன். யோகாவுக்கு லண்டன் திரும்பிற டிக்கெட். அன்ரியின்ர கையிலயோ குடுக்கிறது?

— அத்தை கையில இல்ல, அண்ணன் கையிலயும் இல்ல. யோகா கையில. முதல் நாளே.

— முதல் நாளேயோ! ஊர் பாக்க முதலோ?

— அப்பதான் ஊர் கண்ணுக்குத் தெரியும்.

— சரி. ஆனா அக்கா, அந்தக் காசைக் குடுத்தா என்னட்டை மிஞ்சிறது பாணுக்கும் தண்ணிக்கும்தான். அவவை ஒரு நல்ல சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவம் எண்டிருந்தன்.

— பிரெட்டே போதும். இவர் சொன்ன எடமெல்லாம் போங்க, ஆனா இவர் மாதிரி ஓடாதீங்க. தோட்டத்துல உள்ள தள்ளி ஒரு குளம் இருக்கு, வாத்து நீந்தும், அங்க உக்காந்து பேசலாம். குன்றுக்கு வெயில் தாழ்ந்து, மெதுவா ஏறுங்க. பாதி வழியில அவங்க நின்னா நீங்களும் நில்லுங்க. பசிக்குதான்னு கேளுங்க. என்கிட்ட யாரும் கேக்கல.

— கேக்கிறன். கட்டாயம் கேக்கிறன். அண்ணை வந்திட்டார் போல, காரின்ர சத்தம்.

— இப்பதான் திரும்புது. வண்டியை உள்ள விட்டுட்டு வருவார்.

— அக்கா, நீங்கள் மெட்ராசுக்குப் போறியள் எண்டு அண்ணை போன கிழமை சொன்னவர். உங்கட தங்கச்சியின்ர கலியாணமாம். எப்ப திரும்பி வாறியள்?

— இவர்தான் டிக்கெட் எடுத்துட்டு வந்து மேசையில வெச்சார். பிரிச்சுப் பாத்தா போறதுக்கு மட்டும்தான் இருந்துச்சு. மறந்துட்டீங்களான்னு கேக்க வாயெடுத்தேன். இவர் மூஞ்சியைப் பாத்ததும் கேக்கல.

— ஐயோ. அப்ப அண்ணைக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. கப்பலேறின நாளிலயிருந்தே... திரும்பி வாறதை உங்கட விருப்பத்துக்கு விட்டிருக்கிறார். நீங்கள் என்ன செய்யப்போறியள், அக்கா?

— மெதுவாப் பேசுங்க, கதவைத் திறக்கறார். திரும்பி வர்ற டிக்கெட்டை நேத்து என் சம்பளத்துல நானே எடுத்துட்டேன், இவர்கிட்ட இன்னும் சொல்லல.