அர்ச்சுனன் அணைத்த கற்பூரம்

குடிக்கிற ஆண்களைப் பேச வைக்க வேண்டுமானால், இன்ஸ்பெக்டர் ஐயா, முதலில் சூடாகச் சுக்குக் காப்பி கொடுக்க வேண்டும். எண்பத்து மூன்றில் குடியை நிறுத்த வைக்கும் சேவகியாக ஜமுனாமரத்தூருக்கு வந்த புதிதில் நான் கண்டுகொண்டது அது. சந்தை நாளில் புளிக் கிடங்கில் பதினொரு பேரை வட்டமாக உட்கார வைப்பேன். ஒரே ஒரு விதி. குடித்திருந்தால் பயப்படாமல் சொல்லலாம். இங்கே சொன்னதற்காக யாருக்கும் கெடுதல் வராது. திருந்தும் ஆசை அவரவர் வாயிலிருந்தே வர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

ஒரு வருஷம் காத்திருந்தேன். வரவில்லை.

பிறகு அவர்கள் வழக்கத்தையே கையில் எடுத்தேன். காளி கோயிலில் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துப் பதினொரு பேரும் சத்தியம் செய்தார்கள். மீறினால் சாமி உயிரை எடுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நாற்பது நாள் ஒருவரும் தொடவில்லை. அவர்களில் ஒருவரான ராஜாக்கண்ணுவின் மனைவி செல்லியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அடுத்த கூட்டத்தில் அர்ச்சுனன் எழுந்தார்.

"நேத்து குடிச்சிட்டேன் சாந்தம்மா. காளியாத்தா அடிப்பான்னு வூட்லயே குந்திக்கினு பார்த்தேன். ஒண்ணும் ஆவல."

"ஆத்தாளுக்கே சாராய வாடை பழகிப் போயிருக்கும்டா," என்றார் ராஜாக்கண்ணு.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பத்து முகங்களிலும் பயம் விட்டுப்போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அர்ச்சுனன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த வட்டத்தில் பொய் பேசாத ஒரே ஆள் அவர். ஆனால் சாமி செய்யாததை யாராவது செய்யத்தான் வேண்டியிருந்தது.

அர்ச்சுனன் வீட்டில் கிடந்த புட்டி எங்கிருந்து வந்தது என்றுதானே கேட்டீர்கள். நான்தான் கொடுத்தேன். "ஒரேயடியா நிறுத்தினா கை நடுங்கும். மருந்தா நினைச்சுக் கொஞ்சங்கொஞ்சமாக் குடிச்சுக் குறைங்க," என்றேன். சாராயத்தோடு மர நாற்காலிக்கு மெருகு போடுகிற ஸ்பிரிட்டைக் கலந்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"எம்மேல அக்கறை உங்களுக்குத்தாம்மா," என்றார்.

மறுநாள் காலை கண் தெரியவில்லை என்றாராம். மதியத்துக்குள் போய்விட்டார். அவர் மனைவி கன்னியம்மாளை மடியில் சாய்த்து ஆறுதல் சொன்னதும் நான்தான். "சத்தியத்தை மீறிட்டாரேம்மா, யார் இன்னா பண்ண முடியும்," என்றேன்.

கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தவறு என்று எழுதினால் போடமாட்டேன். ஒருவர் போய்ப் பத்துக் குடும்பம் பிழைத்திருக்கிறது. சந்தேகமிருந்தால் என் நோட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு நடந்த மூன்று கூட்டத்திலும் ஒருவர்கூடக் குடித்தேன் என்று சொல்லவில்லை. இப்போதெல்லாம் வாய் நிறைய மணக்கிற வெற்றிலையோடு வந்து, என்னை விட்டுத் தள்ளி, கதவோரமாக உட்காருகிறார்கள். அவ்வளவு மரியாதை வந்துவிட்டது.