நான்கு படிகளும் ஒரு கதவும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! கணக்கைக் கரும்பலகையிலிருந்து இறக்கிக் கைப்பிடித்துத் தெருவுக்கு அழைத்து வந்த ஆசிரியர் ஐயா அவர்களே! பெரியோர்களே, அரைநாள் விடுப்பெடுத்து வந்திருக்கும் தாய்மார்களே! சுத்தியலும் சிமெண்டும் சுமந்த மாணவச் செல்வங்களே! முதல் வரிசையில் சக்கர நாற்காலியில் அமர்ந்து, சத்தமாகப் பேசு என்று சைகை காட்டும் என் அப்பா அவர்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

கேட்கவில்லையா அண்ணா? மைக் சரியாகத்தான் இருக்கிறது, குரல்தான் நடுங்குகிறது. கொஞ்சம் பொறுங்கள், வந்துவிடும்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அப்பாவைத் தினமும் காலையில் இந்த மருத்துவமனைக்குப் பயிற்சிக்காகத் தள்ளி வருவதே என் வேலை. வாசலில் நான்கு படிகள். நான்கே நான்கு! நல்லவர்கள் இருவர் நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள். அப்போதெல்லாம் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். ஒருநாள், "மூட்டை மாதிரி என்னைத் தூக்க வேணாம். இனிமே நான் வரலம்மா" என்றார். வராவிட்டால் கால் மடங்கிப்போகும் என்றார் மருத்துவர் அம்மா. யாரிடம் போய்ச் சொல்வேன் நான்?

அப்போதுதான் வந்தார்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். சாய்வைப் பற்றிப் பாடம் நடத்திய ஆசிரியர், "விடைய நோட்டுல எழுத வேணாம், அந்த ஆஸ்பத்திரி வாசல்ல கட்டுங்க" என்றாராம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்கிட்டார்கள். சிமெண்ட் பூசும் முன் பலகையால் ஒரு சாய்தளம் அமைத்து, அப்பாவைக் கெஞ்சி அழைத்து வந்தார்கள். ஏறினார் அப்பா! எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கைதட்டவில்லை.

ஏன்? மேலே இருக்கும் மருத்துவமனைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அதை இழுக்க, அப்பா சக்கரத்திலிருந்து ஒரு கையை எடுத்தார். நாற்காலி பின்னோக்கி உருண்டது. ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"கணக்கு சரியாத்தானே வந்துச்சு!" என்றாள் கண்ணாடி போட்ட மாணவி, அழாத குறையாக.

ஊமை என்று தெருவே கேலி செய்யும் நான் வாய் திறந்தேன். "கணக்கு சரிதான்க்கா. மேல போனதும் நாற்காலி நிக்க சமமா ஒரு இடம் வேணும்."

"ஐயோ, கணக்குல கதவ நாங்க சேர்க்கவே இல்ல!" என்றாள் அவள்.

அப்பா சிரித்தார். "விடு பாப்பா. விழப் பாத்தது நான்தானே, உன் கணக்கு விழலயே!"

ஆசிரியர் அளவு நாடாவை என் கையில் வைத்தார். "எவ்வளவு இடம் வேணும்? நீயே அளந்து சொல்லும்மா."

அவையோரே! எந்தக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது எங்கள் கதவு? எந்தப் பரீட்சையில் கேட்பார்கள் என் அப்பா சக்கரத்திலிருந்து எடுத்த அந்த ஒரு கையை? உதவ வந்தவர்கள் எங்களைக் கேட்டார்கள், கேட்டதால் கற்றார்கள், கற்றதால் கட்டினார்கள்! ஒவ்வொரு வகுப்பும் இப்படி ஒரு வாசலுக்கு வரட்டும்!

இன்று காலை அப்பா தானே ஏறினார். நான் அளந்து சொன்ன சமதளத்தில் நாற்காலியை நிறுத்தி, தானே கதவைத் திறந்தார். உள்ளே போனவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் எதுக்கு நிக்கற? உனக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

இருக்கிறது அப்பா! திங்கட்கிழமை நான் ஒன்பதாம் வகுப்பில் சேர்கிறேன்.

அழாதீங்கப்பா, எனக்கும் வந்துடும்.

பலகை சுமந்த தோள்களுக்கும், பொறுமையாய்க் கேட்ட செவிகளுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!