போட்டிக்காரி போட்ட படங்கள்

தங்காக் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்த தையற்காரப் பெண் தோழியிடம் சொன்னார்:

“என் போட்டிக்காரிதான்லா என் கடைய காப்பாத்துனாங்க.”

“யாரு, மேரியா?”

“ஆமா. ஃபோன்ல நாங்க தையக்காரங்க நாலு பேரு சேந்து கஸ்டமருங்க பாக்குறதுக்கு படம் போடுற போர்டு இருக்குல்ல? நான் ஆஸ்பத்திரில கெடந்தப்ப, அதுல தினமும் என் பிளவுஸ் படத்த போட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து பாத்தா, தீபாவளி ஆர்டர் எல்லாம் எனக்காக காத்திருக்கு.”

“அலமாக்! போன வருசம் அவங்க படத்தையெல்லாம் நீதானே அழிச்ச?”

“அதான் நேத்து அவங்க கடைக்கே போய் அழுதுட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘நானும் உங்க படத்த அழிச்சேன்க்கா. ஒண்ணுலயும் வெளிச்சமே இல்ல. உங்க வீட்டுக்காரர்கிட்ட கடை சாவி வாங்கி, எல்லா பிளவுஸையும் புதுசா படம் எடுத்துதான் போட்டேன்’னாங்க.”